தட்டுப்பலகை

ஆறு பத்துக்கு அலாரம் அடித்தது. யசீகரன் அதை நிறுத்தினான். கட்டிலின் வலப்பக்கம் மட்டும் கலைந்திருந்தது, வலப்பக்கத்துப் போர்வையை மட்டும் மடித்தான். யன்னல் கண்ணாடியில் உள்ளே வழிந்திருந்த ஈரத்தைத் துணியால் துடைத்து வாளிக்குள் பிழிந்தான். கேத்திலில் ஒரு கோப்பைக்கான தண்ணீர் வைத்தான். பல் துலக்கினான். முகம் கழுவினான். துவாயை எடுக்கக் கை நீட்டியபோது பக்கத்துக் கொளுக்கியில் தொங்கிய பிரணவியின் துவாயில் புறங்கை பட்டது.

நனைந்திருந்தது.

பதினொரு மாதமாக அந்தத் துவாயை யாரும் பாவிக்கவில்லை. அதைக் கழற்றி மடித்து வைக்கவும் யாரும் இல்லை, அவன் மட்டும்தான் அந்த வீட்டில். இன்னொரு முறை தொட்டுப் பார்த்தான். நடுப்பகுதி மட்டும் ஈரம், ஒரு ஆள் தலை துடைத்தால் நனைகிற அளவுக்கு. ஒக்லாந்தின் வடமேற்கில், மாசி என்கிற புறநகரில், யூன் மாதக் குளிர்காலத்தில் வீடுகள் இப்படித்தான். சுவரே வியர்க்கும். அப்படி நினைத்துக்கொண்டு தேநீரை நின்றபடியே குடித்தான். ருசி தெரியவில்லை. அதுவும் பதினொரு மாதமாகத் தெரிவதில்லை.

எட்டு மணிக்குக் கஜானி போன் எடுத்தாள். பிரணவியின் தங்கை. பக்குரங்காவில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் தவறாமல் எடுப்பாள்.

“அத்தான், எழும்பிட்டீங்களோ, இல்லாட்டி எழும்பின மாதிரி நடிக்கிறீங்களோ?”

“எழும்பிட்டன்.”

“சாப்பிட்டாச்சோ?”

“ஓம்.”

“பச்சைப் பொய். சரி, அதை விடுங்கோ. அக்கா போய் வருசம் ஆகுது, ஆட்டைத்திவசத்துக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு. நினைவு அட்டை அடிக்கிறவர் இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள விசயத்தை அனுப்பச் சொல்லுறார். அம்மா ஒரே பிடியா நிக்கிறா. அக்கான்ர படத்துக்குக் கீழ அவ கடைசியாச் சொன்ன சொல்லைப் போட வேணுமாம்.”

“நான் சொன்னனான்தானே.”

“‘தேத்தண்ணி போடட்டோ’ எண்டு கேட்டவ. அதையே அட்டையில போடுறது? வாற சனம் தேத்தண்ணிக்கடை விளம்பரம் எண்டெல்லோ நினைக்கும்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவில் அறுந்தது.

“அத்தான், உண்மையா அதுதானே? வேற ஒண்டும் சொல்லேல்லையே?”

“அதுதான்.”

“அம்மா அதை நினைச்சுத்தான் நித்திரை கொள்ளுறா. பிள்ளை நோகாமல், தேத்தண்ணி கேட்ட கையோட போயிட்டுது எண்டு. சரி, அதையே போடுவம். நீங்கள் ஒருக்கா வடிவா யோசிச்சிட்டுச் சொல்லுங்கோ.”

“பின்னேரம் சொல்லுறன்.”

போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். யோசிக்க எதுவும் இருக்கவில்லை. பிரணவி அன்றைக்குத் தேநீர் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதை அம்புலன்ஸ்காரர் போன பிறகு, வாசலில் நின்ற கஜானியின் முகத்தைப் பார்த்து அவன் சொன்னான். சொன்னது அப்படியே நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் அதை வைத்துக்கொண்டு நித்திரை கொள்கிறாள். இனி அது அச்சிலும் வரும்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு ஹோலோவே ஹவுஸுக்கு இரண்டு பேருக்கு நுழைவு இருந்தது. பதிந்தவள் பிரணவி. பழைய வீடுகள் என்றால் அவளுக்குப் பைத்தியம். “நூறு வருசம் எண்டாலே இஞ்ச டிக்கெட் போட்டுக் காட்டுகினம், எங்கட ஊரில அது மாட்டுக்கொட்டில்” என்று நக்கலடித்துக்கொண்டே ஒன்றுவிடாமல் போய்ப் பார்ப்பாள். இந்த வீடு மரவியாபாரி ஒருவர் கட்டியது, பிறகு நாற்பது வருடம் மௌனத் துறவிகளின் மடமாக இருந்தது என்று அவள்தான் வாசித்துக் காட்டினாள். அவள் பதிந்து கொஞ்ச நாளில் புயலில் கூரை சேதமாகி வீட்டை மூடினார்கள். போன கிழமை மின்னஞ்சல் வந்தது: திருத்தவேலை முடிந்தது, உங்கள் பழைய பதிவை இந்தச் சனிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம், உங்கள் இருவரையும் எதிர்பார்க்கிறோம்.

போகாமல் விடுவதென்றால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். போவதற்கு அது தேவையில்லை. காரை எடுத்தான்.

குமேயுவைத் தாண்டியதும் மழை பிடித்தது. இலை கொட்டிய திராட்சைத் தோட்டங்கள் இரு பக்கமும் வரிசை வரிசையாகக் கறுத்து நின்றன. வீதியில் வேறு வாகனம் இல்லை. வைப்பர் போகும், வரும். அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. டிங். டிங். டிங். முன்பலகையில் சிவப்பு விளக்கு. பக்கத்து இருக்கையில் ஆள் இருந்து இருக்கைப் பட்டி போடாவிட்டால் வருகிற விளக்கு.

இருக்கையைப் பார்த்தான். காலி. பை கூட இல்லை.

அரை கிலோமீற்றர் வரைக்கும் அடித்தது. ஓரத்தில் நிறுத்தி, எட்டி, காலி இருக்கைக்குக் குறுக்கே பட்டியை இழுத்து மாட்டினான். சத்தம் நின்றது. சென்சரில் ஈரம் இறங்கியிருக்கும். மாட்டிய பட்டி கதிரையோடு ஒட்டிப் படியாமல் ஒரு சாண் முன்னுக்குத் தள்ளி நின்றது. அதை அவன் பார்த்தான். பிறகு வீதியைப் பார்த்தான்.

வீடு ஒரு மேட்டில், கிழட்டுப் பைன் மரங்களுக்கு நடுவில் இருந்தது. இரண்டு மாடி, சாம்பல் நிறப் பலகைச் சுவர், மேல்மாடியில் வரிசையாகச் சின்னச் சின்ன யன்னல்கள். வாசலில் குடை பிடித்து நின்ற வழிகாட்டியின் பெயர் சவிதா என்று அவளுடைய அட்டையில் இருந்தது. பிஜியில் பிறந்தவள், ஐம்பது வயது இருக்கும், சிவப்பு ஜம்பர். அங்கே எல்லாப் பேச்சும் ஆங்கிலத்தில்தான்.

“யசீகரன், பிரணவி. சரியாச் சொன்னேனா? எங்க தாத்தா பேரு ராம்சாமி, அதையே இந்த ஊர்க்காரங்க கொலை பண்ணுவாங்க.” பட்டியலில் இரண்டு பெயருக்கும் சரி போட்டாள். இரண்டு சோடி நீலப் பிளாஸ்ரிக் காலுறைகளை அவன் கையில் கொடுத்தாள். “சப்பாத்துக்கு மேல போட்டுக்கோங்க. பழைய பலகை.”

நான் மட்டும்தான் என்று சொல்ல வாய் எடுத்தான். சொன்னால் ஏன் என்று கேட்பாள். பிறகு அந்த முகம் மாறும். பிறகு அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு சோடியைப் போட்டான். மற்றச் சோடியை வாசலில் கிடந்த மர வாங்கில் வைத்தான்.

வேறு ஐந்து பேர் வந்திருந்தார்கள், வயது போன ஒரு தம்பதியும் மூன்று பெண்களும். சவிதா விரலால் எண்ணினாள். “ஏழு. போவோம். நாப்பது வருஷம் ஒருத்தரும் வாய் திறக்காத வீடு இது. எனக்கு இங்க வேலை கிடைச்சதும் என் புருஷன் கோயில்ல தேங்காய் உடைச்சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஏழு பேரின் பிளாஸ்ரிக் காலடிகள் மரத்தரையில் சரசரத்தன.

கீழ்மாடியில் சாப்பாட்டு மண்டபம், நீள மேசை, சுவரோடு வாங்குகள். மெழுகும் ஈரமரமும் பழைய சாம்பலும் கலந்த மணம், அதற்கடியில் எலி செத்து உலர்ந்த மணம் மெல்லியதாக, எங்கோ கூரைக்குள் மழை ஒரே இடத்தில் சொட்டுகிற சத்தம், ஆள் நகர நகர மாடிப்படியின் கைப்பிடி தானாக முனகுகிற சத்தம். யசீகரன் கடைசியில் நடந்தான். அவனுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. அவன் நின்றால் அவனுடைய காலடி நிற்கும். அதற்குப் பிறகு ஒரு தரம், ஒரே ஒரு தரம், சர் என்று கேட்கும்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பயம் எங்கோ தூரத்தில், வேறு யாருடையதோ போல இருந்தது.

மேல்மாடிக்கு ஏறும் முன் சவிதா அவன் காதுக்குக் கிட்ட வந்தாள். “உங்க மனைவி எங்க? குழுவோட நிக்கச் சொல்லுங்க. மேல சில பலகை ஆடும்.”

“வருவா,” என்றான்.

தானாக வந்த சொல். சவிதா தலையாட்டிவிட்டு ஏறினாள்.

மேலே ஒரு நீண்ட நடை. இரு பக்கமும் துறவிகளின் அறைகள், எல்லாக் கதவுகளும் மூடியிருந்தன. நடையின் தொடக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கடதாசி தொங்கியது. யாரோ கையால் படியெடுத்த பக்கம். கடைசி வரியில் கடைசி எழுத்தின் வட்டம் மூடப்படாமல் அந்தரத்தில் நின்றது.

“இது ஏன் பாதியில நிக்குதுன்னா,” சவிதா அடுத்த அறைக் கதவைத் தள்ளினாள், “இதாலதான்.”

நோயாளி அறை. ஒரு இரும்புக் கட்டில், வெள்ளை விரிப்பு, ஒரு கதிரை, ஒரு யன்னல். கட்டிலின் தலைமாட்டில் சுவரில் ஒரு பலகை, உள்ளங்கை அகலம், தோல் வாரில் ஒரு மரச்சுத்தியல்.

“தட்டுப்பலகை. பேசக் கூடாது, கூப்பிடவும் கூடாது. சாகப் போறவர் இதை மூணு தரம் தட்டுவார். கேட்டவங்க கையில இருக்கிறதை அப்படியே போட்டுட்டு வரணும். எழுதிக்கிட்டு இருந்தா, எழுத்தைக்கூட முடிக்கக் கூடாது. தோட்டத்தில இருந்தா மண்வெட்டியைச் சாய்ச்சு வைக்கக்கூட நேரம் இல்லை. ஒருத்தரும் தனியாச் சாகக் கூடாதுங்கிறது அவங்க சட்டம். யாராவது தட்டிப் பாக்கிறீங்களா?”

மூன்று பெண்களும் தட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வறண்ட சத்தம். அது நடை முழுவதும் ஓடிப் போய்த் திரும்பி வராமல் நின்றது. பிறகு எல்லோரும் கீழே தேநீருக்கு இறங்கினார்கள்.

யசீகரன் நின்றான். மணம்தான் நிறுத்தியது. மெழுகுக்கும் மரத்துக்கும் அடியில், மெல்லியதாக, சூடாக, நெஞ்சில் பூசித் தேய்த்தபோது கிளம்புகிற சித்தாலேபத் தைலத்தின் மணம். பிரணவிக்கு மூச்சு இழுப்பு. குளிர்காலம் வந்தால் அவர்களுடைய படுக்கையறை இப்படித்தான் மணக்கும்.

போன வருடம் யூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வேலைக்கு லீவு போட்டு அவள் படுக்கையறையில் படுத்திருந்தாள். அவன் நடைக்கு மற்றப்பக்கம், சின்ன அறையில், காதில் ஹெட்போன், திரையில் பதினான்கு முகங்கள். புது மென்பொருள் ஏற்றுகிற நாள். அவள் கூப்பிட்டாள். “இஞ்சாருங்கோ.” தன் தாய் தகப்பனைக் கூப்பிடுவது போலப் பேசிக் காட்ட அவள் தொடங்கிய பகிடி அது, பிறகு அதுவே அவனுடைய பெயராகிவிட்டது. அவன் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கி “வாறன்” என்றான். திரும்பவும் கூப்பிட்டாள். “ஓம் ஓம், வாறன். ரெண்டு நிமிசம்.”

அவர்களுடைய ஆட்களின் வீடு எல்லாவற்றிலும் நாள் முழுக்கக் கேட்கிற சொல். சாப்பிடக் கூப்பிட்டால் வாறன். குப்பைவாளி வைக்கக் கூப்பிட்டால் வாறன். சொன்னால் போதும், போன மாதிரி. எழும்பத் தேவையில்லை. கூப்பிட்டவரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

மூன்றாவது தரம் அவள் கூப்பிடவில்லை. வேறு ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு விசில் கேட்டது, நீளமாக, மெல்லியதாக. கேத்தில் வைத்திருக்கிறாள், தேநீர் போடப்போகிறாள் என்று அவன் நினைத்தான். முப்பத்தைந்து நிமிடத்துக்குப் பிறகுதான் எழும்பினான். இழுப்பு வந்தால் அவள் வாய்க்குள் அடிக்கிற மருந்துப் பம்ப் அவனுடைய மேசையில், அவனுடைய கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

அவன் சுத்தியலை எடுத்தான். ஏன் என்று தெரியவில்லை. மூன்று தரம் தட்டினான்.

டக். டக். டக்.

நடையின் மறுமுனையிலிருந்து குரல் வந்தது.

“வாறன்.”

தமிழ். அந்த வீட்டில் அவனைத் தவிர அதைச் சொல்ல ஆள் இல்லை. அவசரமான, சிரித்த முகமான, கவனம் வேறெங்கோ இருக்கிற குரல். தன் குரலைப் பதிவில் கேட்கும்போது வருகிற அந்தக் கூச்சம் அவனுக்கு வந்தது. பதினொரு மாதத்தில் அவனுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

பிழையாகக் கேட்டிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத் திரும்பவும் தட்டினான்.

“ஓம் ஓம், வாறன். ரெண்டு நிமிசம்.”

அதற்கடியில் விசைப்பலகைச் சத்தம். பொலபொலவென்று.

வாசலுக்குப் போனான். நடை இருட்டியிருந்தது. மூடியிருந்த கதவுகளில் கடைசிக் கதவு இப்போது திறந்திருந்தது. உள்ளே நீல வெளிச்சம். மேசை. கதிரை. கதிரையில் முதுகு காட்டி ஒருவன். சாம்பல் நிறச் சட்டை, அவன் அன்றைக்குப் போட்டு அடுத்த நாள் குப்பையில் எறிந்த சட்டை. பின்தலையில் இரட்டைச் சுழி. காதில் ஹெட்போன்.

“எழும்பு,” என்றான் யசீகரன். “எழும்படா. அப்பிடியே விட்டிட்டு வா.”

அந்த மனிதன் திரும்பவில்லை. இடக்கையை மட்டும் தூக்கினான். இரண்டு விரல். இரண்டு நிமிடம்.

கை இறங்கியது. விசைகள்.

முதுகுக்குப் பின்னால், அறைக்குள், கட்டிலின் கம்பி கிறீச்சிட்டது. ஒரு ஆளின் பாரம் அதில் இறங்குகிற சத்தம். பிறகு பிளாஸ்ரிக். சர். சர். கட்டிலின் கால்மாட்டில், உறை போட்ட இரண்டு பாதங்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம்.

பிறகு விசில். மெல்லியதாக. நீளமாக.

கேத்தில் இல்லை.

“இஞ்சாருங்கோ.”

கட்டில் நாலு அடியில் இருந்தது. அன்றைக்கும் நாலு அடிதான், நடையைக் கடந்தால் நாலே அடி. இந்த முறை காதில் ஒன்றும் இல்லை. இந்த முறை எல்லாம் கேட்கிறது. திரும்ப வேண்டும். அவ்வளவுதான். நாலு அடி வைக்க வேண்டும். கையைப் பிடிக்க வேண்டும்.

கால்களைத் தேடினான். உணர்வு இல்லை. முழங்காலுக்குக் கீழே மரம். பிறகு இடுப்புக்குக் கீழே.

காற்சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. கஜானி. அஞ்சு மணி. அட்டை. அதிர்ந்து அதிர்ந்து நின்றது. அதை எடுக்கக் கை வரவில்லை.

கீழே முன்வாசலில் சவிதாவின் குரல், மழைக்கு மேலால், எண்ணிக்கொண்டு. “அஞ்சு. ஆறு. ஏழு. சரி, எல்லாரும் வந்தாச்சு.” கதவு சாத்தியது. சாவி திரும்பியது. ஒருமுறை. இருமுறை.

கார்கள் போயின.

“இஞ்சாருங்கோ.”

போ.

திரும்பு.

வாய் திறந்தது. அவன் திறக்கவில்லை. அதுவாகத் திறந்தது.

“வாறன்,” என்றான்.

அவசரமாக. சிரித்த முகமாக. நடையின் கடைசியில் இருந்தவனும் அதே நொடியில், அதே குரலில் சொன்னான். இரண்டும் ஒன்றாகக் கேட்டன. கால் அசையவில்லை.

நீல வெளிச்சம். விசைகள். மணம்.

கட்டிலில் மூச்சு நின்றது. பிறகு, பெரிய வேலையாக, இன்னும் ஒரு முறை உள்ளே இழுபட்டது. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, அவனுக்கு மனம் நோகக் கூடாது என்கிற கவனத்தோடு, அவள் அன்றைக்குச் சொன்னதையே சொன்னாள். அவன் கஜானிக்குச் சொல்லாதது. தாய்க்குச் சொல்லாதது. எந்த அட்டையிலும் வராதது.

“முடிச்சிட்டு... ஆறுதலா வாங்கோ. நான்... இஞ்சதானே... இருக்கப்போறன்.”